கதிர் அழாமல் இருந்த நேரம்

தம்பி,

பாப்பாவுக்குக் காது குத்தத் தை மாதத்தில் நாள் பார்த்தாயிற்று என்றும், மூத்தவன் கதிருக்குக் குத்திய அதே குலசாமி கோயிலில் நானே குத்த வேண்டும் என்று நீ பிரியப்படுவதாகவும் உன் அம்மா சொன்னாள். என்னிடம் நீ நேரே சொல்லவில்லை. கதிருக்குக் காது குத்திய அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் பேசுவது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் என் குரல் ஏறும், நீ போனை மருமகள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் என்னால் கத்த முடியாது. உனக்கும் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, ஆறிய பிறகு எடுத்துப் படிக்கலாம்.

குத்துகிறேன். என் பேத்தி காதில் வேறு ஒருவர் கை படுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நீ ஒரு வாக்குத் தர வேண்டும். அது பாப்பாவைப் பற்றியது இல்லை, கதிரைப் பற்றியது. என்னவென்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால், "அப்பா ஆரம்பிச்சுட்டாரு" என்று மீதியைப் படிக்காமல் விட்டுவிடுவாய். நீ யார் பிள்ளை என்று எனக்குத் தெரியாதா?

போன ஞாயிற்றுக்கிழமை, பாப்பா தவழ்வதைக் காட்டுவதற்காக வீடியோவில் கூப்பிட்டாய். பின்னால் கதிர் பீரோ கதவைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தான். கதவு இடுக்கில் அவன் விரல் சிக்கி நசுங்கியதை நான் பார்த்தேன். ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடி வருகிற மாதிரி கத்தும். இவன் கத்தவில்லை. விரலை அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டு உன் முகத்தைப் பார்த்தான். வாய் கோணியது, கன்னம் துடித்தது, பார்வை மட்டும் உன் முகத்தை விட்டு நகரவில்லை. பிறகு "வலிக்கல" என்றான். நீ "சூப்பர்டா சிங்கம்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பாப்பா பக்கம் திருப்பிவிட்டாய். பட்டறைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி நான் அழைப்பைத் துண்டித்தேன். ஆள் ஒருவரும் வரவில்லை. அதற்கு மேல் பேசினால் உன்னைத் திட்டிவிடுவேன் என்றுதான் துண்டித்தேன். நகம் கறுத்துப்போய், பிள்ளை விடிய விடியப் புரண்டு படுத்தான் என்றும், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான் என்றும் மறுநாள் மருமகள் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

நீ கெட்ட அப்பன் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருக்கிறவன் நீ. நான் என் நகைப் பட்டறையை விட்டு ஒரு நாளும் எழுந்ததில்லை. பிள்ளைக்குப் பல் தேய்த்துவிடுகிறாய், கதை சொல்கிறாய், முடி வெட்டக் கூட்டிப் போகிறாய். எல்லாவற்றிலும் என்னைவிட ஒரு படி மேலேதான் நிற்கிறாய். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன்னை என்னால் மெச்ச முடியவில்லை.

கதிருக்குக் காது குத்திய அன்றைக்கு நடந்ததை நீ எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லி முடித்துவிடுகிறாய். கற்கண்டு தொண்டையில் சிக்கியது, எடுத்துவிட்டோம், டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் நீ அன்றைக்கு பக்கத்தில் நின்று வீடியோ எடுத்தபடி எல்லாவற்றையும் போன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பிள்ளையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் இருந்த இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று ஒரு தடவையாவது நீ கேட்க வேண்டும்.

முதலில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். காது குத்துவதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. மடலில் பொட்டு வைத்து, கூர்மையான தங்கக் கம்பியை ஏற்றி, குறட்டால் முனையை வளைத்து முடித்துவிட வேண்டும். முதல் காது சுலபம், பிள்ளைக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியாது. இரண்டாவது காதுக்குத்தான் பாடு. அப்போது பிள்ளை அலறும், தாய்மாமன் மடியில் துள்ளும், சட்டையை நனைத்துவிடும். அந்த அலறலை நான் தொந்தரவாக நினைத்ததில்லை. சாக்கோட்டையிலிருந்தும் கண்டரமாணிக்கத்திலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், "பத்தரே, ரொம்ப அழுகுது" என்று கூச்சப்பட்டால், "அழுகட்டும், எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அழுகை கேட்கும்வரை பிள்ளை நன்றாக இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். இதை நான் யோசித்து வைத்திருந்ததாக நினைக்காதே. கதிர் அழாமல் உட்கார்ந்த அன்றுதான், இத்தனை நாளும் நான் அந்தச் சத்தத்தை நம்பித்தான் வேலை பார்த்திருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

ஓசூரிலிருந்து வரும்போதே பிள்ளையைத் தயார்செய்து கூட்டி வந்திருந்தாய். அழாமல் இருந்தால் சைக்கிள். அழுதால் அந்த வீடியோவை ஸ்கூல் மிஸ்ஸுக்கு அனுப்பிவிடுவேன் என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தாய். உனக்கு அது விளையாட்டு. வேனில் வரும்போது அவன் என்னிடம் ரகசியமாகக் கேட்டான், கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தால் அது அழுகைக் கணக்கில் சேருமா என்று. நான் சிரித்துவிட்டேன். சேராது என்றும் சொன்னேன்.

மொட்டை அடித்துச் சந்தனம் பூசி, உன் மைத்துனன் செந்தில் மடியில் அவனை உட்கார வைத்தார்கள். வலது காதில் கம்பி ஏறியபோது உடம்பு முழுவதும் விறைத்தது. கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது, விழவில்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். "பத்தரு பேரன்ல, அதான் அசையல" என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நம் பிள்ளையை நாலு பேர் மெச்சினால் யாருக்குத்தான் மனம் குளிராது?

இடது காதில் பொட்டு வைத்தேன். அவனுக்கு உதடு பிதுங்க ஆரம்பித்தது. நீ போனைத் தூக்கிப் பிடித்தபடியே, "மாப்ள, வாயில எதையாச்சும் போடு, அழுதுறப் போறான்" என்றாய். செந்தில் சீர்த்தட்டில் கையை விட்டு, அகப்பட்ட கற்கண்டை எடுத்து அவன் வாயில் வைத்தான். அது சின்னக் கல் இல்லை, பெரிய கட்டி. அவனைக் குறை சொல்லாதே. குத்துகிற நேரத்தில் பிள்ளை வாயில் இனிப்பு வைப்பது நம் பக்கத்து வழக்கம்தான், உனக்கும் வைத்தார்கள். ஆனால் வைத்த மறுநொடியே நீ துப்பிவிட்டு அலறினாய். இவன் துப்பவில்லை. துப்புவதற்கு வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அதற்குள் தவில்காரர் கெட்டி மேளத்தை ஆரம்பித்துவிட்டார். பிள்ளை அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்குத்தானே அந்த மேளம்.

கம்பியை ஏற்றினேன். அவன் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தான். அது எனக்குக் கேட்கவில்லை, காது மடலைப் பிடித்திருந்த விரலில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே தெரியவில்லை. கம்பி பாதி வளைவில் நின்றது. தலையை ஆட்டினால் மடல் கிழிந்துவிடும் என்று கெட்டியாகப் பிடித்திருந்தேன், தலை ஆடவே இல்லை. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. கண் பிதுங்கியது. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பிடித்திருந்த மாமனைப் பார்க்கவில்லை, உன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லோரும் சிரித்த முகமாக நின்றார்கள். பிள்ளைதான் அழவில்லையே.

மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். நான் உற்சாகத்தில் சத்தம் போடுகிறேன் என்று நினைத்துத் தவில்காரர் இன்னும் வேகமாக வாசித்தார். கையில் இருந்த குறட்டை அவர் தவில் மேலேயே வீசி எறிந்தேன். தோல் கிழிந்து மேளம் நின்றது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒரு நிமிடம் எல்லோரும் நினைத்தார்கள், நீயும்தான். "என்னப்பா பண்றீக" என்று என்னை முறைத்தாய். அந்த அமைதியில்தான், பிள்ளையிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை என்று தெரிந்தது.

மருமகள் மீனாதான் முதலில் புரிந்துகொண்டாள். கைக்குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள். அவனைச் செந்தில் மடியிலிருந்து பிடுங்கி, தொடைமேல் குப்புறப் போட்டு, முதுகில் உள்ளங்கையால் அடித்தாள். நான் அந்தக் காதை விடாமல், குனிந்தபடி அவளோடு சேர்ந்து தரையில் மண்டியிட்டேன். அடித்தாள், ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தாள். அவன் கால் துவள ஆரம்பித்ததை நான் பார்த்தேன். குலசாமியை நான் அதற்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டதில்லை, இனிமேலும் அப்படிக் கூப்பிடுகிற நிலை எனக்கு வரக் கூடாது. பிறகு அந்தக் கட்டி எச்சிலோடு மண்ணில் வந்து விழுந்தது.

அவன் அழுதான், தம்பி. எத்தனையோ பிள்ளைகள் என் கைக்குள் அழுதிருக்கின்றன. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. மீனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மா வாய்விட்டு அழுதாள். நீ போனைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாய். அப்போது என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா?

"அழுகாதடா. அழுகாத. எல்லாரும் பாக்குறாக."

அவன் நிறுத்திவிட்டான். மூச்சு திரும்பி வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நீ சொன்னாய் என்பதற்காக அதை மறுபடியும் அடக்கினான். விக்கல் மாதிரி உடம்பு மட்டும் தூக்கிப் போட்டது. நீ பயத்தில் சொன்னாய், வாய்ப் பழக்கத்தில் சொன்னாய், எனக்குத் தெரியும். அவனுக்கு அது எப்படித் தெரியும்?

டாக்டரிடம் போகிற வழியில், வேனில் அவன் என் மடியில் படுத்திருந்தான். என் காதைப் பிடித்துக் கீழே இழுத்தான். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னான்.

"நான் அழுகல ஐயா. இருமுனேன்."

சரி என்று தலையைத் தடவினேன். சைக்கிள் போய்விடக் கூடாது என்ற பயத்தில் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இந்த இருமலை அவன் எங்கே பிடித்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

அன்று மதியம் வீட்டில் நமக்குள் நடந்த சண்டைக்கு வருகிறேன். நான் உன்னைப் பார்த்துக் கேட்டது தப்பான வார்த்தைதான். "புள்ளையக் கொல்லப் பாத்தியேடா" என்று கேட்டிருக்கக் கூடாது. அதற்கு நீ திருப்பிச் சொன்னது மட்டும் என்னை இன்றைக்கு வரைக்கும் தூங்க விடவில்லை.

"அழுகுற பயலுக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதுப்பா. எனக்குத் தெரியும். நீங்க அப்பவே என்னைய அதட்டியிருக்கணும். நீங்க பாட்டுக்குப் பட்டறையில அரத்தைப் போட்டு ராவிக்கிட்டு இருந்தீக."

உண்மைதான். நீ அழுதால் நான் அதட்டியதில்லை. உன் அழுகையைப் பற்றி இந்தத் தெருவே பேசும். பலூன் உடைந்தால் அழுவாய், நாய்க்குட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போனால் அழுவாய், சாம்பாரில் முருங்கைக்காய் தீர்ந்துவிட்டால் அதற்கும் ஒரு பாட்டம் அழுவாய். பட்டறை வாசலில் உட்கார்ந்து நீ ராகம் இழுத்தால், நகை செய்யக் கொடுக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் தலையைத் தூக்க மாட்டேன். "அழுது முடிச்சுட்டு வா, சோறு போடுறேன்" என்பாள் உன் அம்மா. நீயும் அழுது முடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவாய். அதை ஒரு குறையாக நாங்கள் நினைக்கவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் உனக்குச் "சங்கு" என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்கு வெகு நாளைக்குத் தெரியாது. மில்லில் ஊதுகிற சங்கு. நீ நடந்து போனால், "சங்கு, மணி என்னடா" என்று கேட்பார்களாம். வேண்டுமென்றே கிள்ளிவிட்டு, "சங்கு ஊதுதாடா" என்று காத்து நிற்பார்களாம். அன்று மதியம்தான் இதையெல்லாம் முதல் தடவையாகச் சொன்னாய். முப்பது வயதைத் தாண்டிய ஆம்பளை, இரண்டு பிள்ளைக்கு அப்பன், அந்தப் பெயரைச் சொல்லும்போது உன் கழுத்து நரம்பு புடைத்தது. எட்டாம் வகுப்பில் ஒரு நாள், இனிமேல் அழுவதில்லை என்று முடிவெடுத்ததாகச் சொன்னாய். நாங்களோ பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இல்லை என்று சொல்லி உன்னை மட்டம் தட்ட நான் எழுதவில்லை. கதிரையும் நாலு பேர் அப்படிக் கிள்ளிப் பார்க்கத்தான் செய்வார்கள். உலகம் அதற்குள் திருந்திவிடும் என்று என்னால் உனக்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் இன்னொன்றையும் நினைத்துப் பார். உனக்குக் கதிர் வயது இருக்கும்போது, வெள்ளி கழுவுகிற திராவகத்தைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி வைத்திருந்தேன். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊதுகுழலை ஊதிக்கொண்டிருக்கும்போது, நீ மெல்லப் பின்னால் வந்து கையை அதற்குள் விட்டுவிட்டாய். விட்ட அதே நொடியில் சங்கு ஊதினாய். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், சத்தம் வந்த திசையில் கையை நீட்டி உன்னைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் கையை முக்கிவிட்டேன். உன் இடது கை விரலிடுக்கில் வெள்ளையாகத் தழும்பு ஒன்று இருக்கிறதே, அது அன்று வந்தது. நீ சத்தம் போடாத பிள்ளையாக இருந்திருந்தால் அந்தக் கையே இருந்திருக்காது. அதே இடத்தில் கதிர் இருந்தால் இன்றைக்கு என்ன செய்வான் என்று சொல். கையை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வலிக்கல" என்பான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு அவனுக்கு வயிற்று வலி வந்தால் சொல்வானா? ஸ்கூல் வேனில் எவனாவது அவனிடம் தப்பாக நடந்தால் வந்து சொல்வானா? கிண்டல் செய்தால் மனசு வலிக்கும், மறுக்கவில்லை. கிண்டல் பட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உன் மடியில் அழுகிற பிள்ளை வேண்டுமா, நகம் கறுத்துப்போன விரலை விடிய விடியத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளை வேண்டுமா என்று என்னைக் கேட்டால், எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. உனக்கும் யோசிக்க வேண்டியதில்லை என்றுதான் நம்புகிறேன்.

அழவிடு என்றால், கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடு என்று அர்த்தமில்லை. கடையில் பொம்மைக்காக அவன் தரையில் புரண்டால், பொம்மையும் வேண்டாம், அடியும் வேண்டாம். பக்கத்தில் நின்றுகொண்டிரு, முடித்ததும் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடு. விழுந்தான் என்றால், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லாதே. அவனுக்கு ஏதோ இருப்பதால்தான் அழுகிறான். தரையை அடித்துக் காட்டாதே, போனைக் கையில் கொடுக்காதே, வாயில் எதையும் போடாதே. "எங்க வலிக்குது" என்று கேள். அவன் சொல்கிற வரைக்கும் சும்மா இரு. சும்மா இருப்பதுதான் உனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கும். அவன் அழும்போது எட்டாம் வகுப்புப் பையன்கள் உன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று சிரிக்கிற மாதிரி உனக்குத் தோன்றும். அவர்கள் உன்னிடம் வந்தவர்கள், அவனிடம் வந்தவர்கள் இல்லை. அவர்களை வைத்துக்கொண்டு பிள்ளை வாயை அடைக்காதே.

இனி நான் கேட்கிற வாக்கு. பாப்பாவுக்குக் குத்தும்போது மேளம் வேண்டாம். இரண்டு காதும் முடிந்து, பிள்ளை அழுது ஓய்ந்த பிறகு தவில்காரர் ஆசை தீர வாசிக்கட்டும். புதுத் தோல் போட்டுக்கொண்டாராம், என்னைப் பார்த்ததும் குறடு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாராம். வாயில் இனிப்பு வேண்டாம், செந்திலிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். உன் போன் உன் பையில் இருக்கட்டும். இதற்கெல்லாம் நீ சரி என்று சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். நான் கேட்பது இது மட்டுமில்லை.

கம்பி ஏறும்போது பாப்பா வீரிட்டு அலறுவாள். அப்போது கதிர் அவளைப் பார்க்க மாட்டான். உன் முகத்தைத்தான் பார்ப்பான். அப்பா முகம் சுளிக்கிறாரா, சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்று கவனிக்கிறாரா, "அழுகாத" என்று சொல்கிறாரா என்று பார்ப்பான். பெண் பிள்ளை அழலாம், நான்தான் கூடாது என்று புரிந்துகொண்டாலும் போச்சு. அதனால் கோயிலுக்கு வருவதற்கு முன்னால், ஓசூரிலேயே, அவனைத் தனியாகக் கூட்டிப் போய் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு அவனிடம் "அழுகாத" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் போவதாகச் சொல்லி நீ வேன் பக்கம் போனாய். டாக்டரிடம் உடனே கிளம்ப வேண்டும் என்று உன்னைக் கூப்பிட நான் பின்னாலேயே வந்தேன். வேனுக்குப் பின்னால் நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாய். மேல்துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாய். உன் முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். எத்தனை வருஷமாயிற்று நீ அழுது. உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு எட்டு வைத்தேன். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் நீ நிறுத்திவிடுவாய் என்று பயந்து, வந்த வழியே திரும்பிவிட்டேன். பிறகு நீ வந்தாய். கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று உன் அம்மா கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, இருமல்" என்றாய். கதிர் அப்போது அவள் இடுப்பில் இருந்தான். உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ அழுததை நான் பார்த்தேன். பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. அவனிடம் சொல், தம்பி. அன்றைக்கு வேனுக்குப் பின்னால் அப்பா அழுதேன், நீ இல்லாமல் போய்விடுவாயோ என்று பயந்து அழுதேன் என்று சொல். அதைச் சொல்லும்போது உனக்கு அழுகை வந்தால் வரட்டும், அவன் எதிரிலேயே வரட்டும். அவன் என்ன ஆச்சு என்று கேட்டால், இருமினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா
காரைக்குடி